மூன்றாவது இறால்

முப்பத்திரண்டு வயதில் என்னை ரிட்டையர்டு என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனாலும், போன வாரம் சின்னவனுக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் என்னை அப்படித்தான் நடத்தினார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, பழைய நோட்டை என் மடியில் வைத்தார்கள்.

“அக்கா, முடக்கு வாதம் இருக்கறவங்க பேருக்கு நேரா கெழமைய செவப்பு மையில ரெண்டு ரெண்டு தடவ எழுதிகீறீங்களே, இன்னாத்துக்கு? இப்ப எங்களுக்கு போன்லயே மணி அடிச்சிடுது.”

சொல்லத் தொடங்கினேன். பையன் அழுதான். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, சொன்ன பாதி என்னைக் காப்பாற்றிக்கொள்கிற பாதியோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

நான் ஆறு வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சுகாதாரப் பணியாளராக இருந்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில் ஐந்து குப்பங்கள் என் பொறுப்பு. எங்கள் ஊர் திருப்பாலைவனம். நெல் விளையும் ஊர், ஏரிக்கு பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனால் இந்த வேலைக்கு வரும் வரை நான் ஏரியில் முழங்கால் அளவுகூட இறங்கியதில்லை. காலையில் எழுந்ததும் காலண்டரில் தாள் கிழிக்கிற வீடு எங்களுடையது. இந்தச் சின்ன விஷயத்தைப் பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

பயிற்சி பத்து நாள். ரத்த அழுத்தம் பார்க்க, சர்க்கரை பார்க்க, நோட்டு எழுதக் கற்றுக்கொண்டேன். நாள்பட்ட அழற்சி என்ற தலைப்புக்கு டீ வருவதற்கு முன் அரை மணி நேரம் கிடைத்தது. நான் அதை உண்மையில் கற்றது டாக்டர் நஸ்ரீனிடம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டு நோய்க்காக மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வருவார். என்னைவிட ஒரு வயது சின்னவர். அவர் கற்றுக்கொடுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒரு பெண் உள்ளே வந்ததும் டாக்டர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டுவார். வந்தவர் தன்னை அறியாமல் தன் கைகளை அவற்றில் வைப்பார். பேச்சு நடக்கும். எத்தனை பிள்ளைகள், வீட்டில் இன்று என்ன குழம்பு. அதற்குள் பரிசோதனை பாதி முடிந்திருக்கும். கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே. தன் நகம் வெளுக்கிற அளவுக்கு ஒவ்வொரு கணுவையும் அழுத்துவார், அதற்கு மேல் அழுத்த மாட்டார். அழுத்தும்போது கையைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். தோள் இரண்டு, முழங்கை இரண்டு, மணிக்கட்டு இரண்டு, கைக்கணுக்கள் பத்து, விரல் நடுவே பத்து, முழங்கால் இரண்டு. இருபத்தெட்டு. எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று இரண்டு எண்களைச் சொல்வார். நான் எழுத வேண்டும். ஒரு தடவைகூட அவர் எண்ணிக்கை தவறி நான் பார்த்ததில்லை.

“முள்ளு குத்துனா அந்த எடம் செவந்து சூடாகி வீங்குதில்ல? அது நம்ம உடம்பு நம்மள காப்பாத்தறது. முள்ளே இல்லாம, மாசக்கணக்கா அந்த சூடு அணையாம இருந்தா? அதான் இது” என்று அவர் ஒரு நாள் சொன்னார். ஏன் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்று கேட்டேன். “முழுசா யாருக்கும் தெரியாது” என்றார். ஒரு டாக்டர் வாயிலிருந்து ‘தெரியாது’ என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழி முழுக்க என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்காமலே நம்மைக் காக்கும் ஒன்று உள்ளே இருக்கிறது, அதுவே ஒரு நாள் நம் மேல் திரும்பும் என்பது எனக்கு அச்சமாகவும் அதிசயமாகவும் இருந்தது.

ஏரிப் பெண்களிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கையால் இறால் பிடிக்கிறவர்கள் அவர்கள். மார்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைக்கூடையில் போடுவார்கள். அந்தக் கூடைக்குப் பறி என்று பெயர். தினம் ஐந்தாறு மணி நேரம் இப்படி. எல்லாருக்கும் கை வலி உண்டு. எல்லாரும் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள்.

டாக்டர் ஒரே ஒரு கேள்வியால் பிரிப்பார். உழைத்த வலி வேலை செய்யச் செய்ய ஏறும், படுத்தால் குறையும். அழற்சி வலி தலைகீழ். தூங்கி எழுந்தால் கை கட்டையாக இருக்கும், அசைய அசைய இளகும். ஆகவே, காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்துக் கை மடங்குகிறது?

என் ஐந்து குப்பங்களில் ஒன்றிலிருந்து வந்த பச்சையம்மாவிடம் டாக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. கூடவே வந்திருந்தது தனம், தண்ணீரில் அவருக்குப் பக்கத்தில் துழாவுகிறவர்.

“எவ்ளோ நேரமா? கடியாரம் கட்டிகினா தூங்கறேன்?” என்றார் பச்சையம்மா.

“அவ கைய கேக்காதீங்க டாக்டரம்மா, வாய கேளுங்க. அது கண்ணு தொறக்கறதுக்கு முன்ன எழுந்துக்கும்” என்றார் தனம்.

“நீ சும்மா கெடடி.” பிறகு கொஞ்சம் யோசித்து, “தண்ணில எறங்கி மூணாவது இறால் சிக்கறப்போதான் இது என் கை. மொத ரெண்டும் வெரலுக்குள்ளாற வந்துட்டு தப்பிச்சிடும். மூட முடியல.”

டாக்டர் சிரிக்கவில்லை. தாளில் ‘மூன்றாவது இறால்’ என்று எழுதினார். என்னைப் பார்த்து, “அது எவ்வளவு நேரம்னு பாத்துட்டு வர்றீங்களா?” என்றார்.

மறுநாள் விடிவதற்குள் என் கணவர் பைக்கில் கொண்டுவந்து கரையில் விட்டார். ஐந்து மணிவாக்கில் பழவேற்காட்டுப் பள்ளிவாசல் பாங்கு தண்ணீர் மேல் மிதந்து வந்து அவர்கள் குப்பத்துக்குக் கேட்கும். பச்சையம்மா எழுவது அதைக் கேட்டுத்தான். அதிலிருந்து கணக்கு. வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது என்பதால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இறால் தப்பினால் விரித்த கை, சிக்கினால் மூடிய கை. நான் கரையில் கடிகாரத்தோடு நின்றேன். தண்ணீருக்கு மேல் பத்துப் பன்னிரண்டு தலைகள், ஒவ்வொரு வாயிலும் ஒரு கூடை. ஒரு சத்தம் இல்லை. விரித்த கை ஒன்று உயர்ந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு அரைகுறையாக மூடிய கை. ஆறு ஐம்பது.

எழுந்து ஒரு மணி ஐம்பது நிமிடம். ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. முடக்கு வாதம். கண்ணுக்கு எதுவும் தெரியாத சேற்றில் இறாலையும் நண்டையும் கல்லையும் பிரித்து அறிகிற அந்த விரல்களை அது உள்ளேயிருந்து தின்றுகொண்டிருந்தது.

டாக்டர் கொடுத்த மாத்திரை வாரத்துக்கு ஒன்றே ஒன்று. பத்து மாத்திரை உள்ள ஓர் அட்டை. மற்ற ஆறு நாளும் காகிதக் கவரில் இருக்கும் சத்து மாத்திரை. “வாரத்துக்கு ரெண்டு ஆயிட்டாக்கூட ஆபத்து. ரத்தம் ஊறறதையே நிறுத்திடும். அதிகமாச்சுன்னா மொதல்ல வாயில புண்ணா தெரியும்” என்று என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அப்போது மூன்று மாதம். மூத்தவள் வயிற்றில் இருந்தாள். “உடைஞ்ச மாத்திரைய நீங்க தொட வேணாம். அட்டையத் தொட்டா ஒண்ணும் இல்ல” என்றும் சொன்னார். இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை என்று நான் பச்சையம்மாவிடம் சொன்னேன். அந்தக் குப்பத்தில் வெள்ளிக்கிழமை யாரும் ஏரியில் இறங்க மாட்டார்கள். மாத்திரை குமட்டினாலும் வீட்டிலேயே படுத்திருக்கலாம்.

“கெழமையெல்லாம் உனுக்குமா. எனுக்கு ரெண்டே நாளு. ஏரிக்குப் போற நாளு, போகாத நாளு.”

எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. “அப்போ இப்டி வெச்சிக்கலாம்க்கா. போற நாள்ல கவர் மாத்திரை. போகாத நாள்ல அட்டை மாத்திரை.”

“ஆங், இது புரியுது” என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாதக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மற்ற பணியாளர்கள் குறித்துக்கொண்டார்கள். டாக்டர் நஸ்ரீனும் “நல்ல யோசனை” என்றார். காலண்டர் தாள் கிழிக்கிற வீட்டில் வளர்ந்த எனக்கு, போகாத நாள் என்றால் வெள்ளிக்கிழமை. வேறெதுவும் தோன்றவே இல்லை.

மூன்று வாரம் சரியாகப் போயிற்று. நான்காம் வாரம் புயல் எச்சரிக்கை வந்தது. படகுகள் மேலே ஏறின. தொடர்ந்து ஆறு நாள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. எங்கள் ஊரிலும் மழை. நான் வீட்டில் பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, குப்பங்களில் கூரை தாங்குமா என்று கவலைப்பட்டேன். மாத்திரையைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஏழாம் நாள் மழை விட்டது, பெண்கள் மறுபடி ஏரியில் இறங்கினார்கள். எட்டாம் நாள் காலை நான் வழக்கமான சுற்றுக்குப் போனேன். பெண்கள் தண்ணீரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தனம் கரையில் நின்று சிரித்தார்.

“இன்னாடி புது பேஷனு? பறிய இடுப்புல கட்டிகினு வர்ற? பல்லு பூட்சா?”

பச்சையம்மா பதில் சொல்லவில்லை. தனம் கேலி செய்து அவர் பதில் சொல்லாமல் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பறியைத் துண்டால் இடுப்பில் கட்டியிருந்தார். அதன் விளிம்பில், பல் படும் இடத்தில், பழுப்பாக ஒரு கறை. ஓலை நார் கிழித்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். இரண்டு அடி நடந்தும் போய்விட்டேன். அந்த இரண்டு அடியை இன்றும் கனவில் நடக்கிறேன்.

“அக்கா, வாயத் தொறங்க.”

“நேத்து நண்டு கொழம்புல காரம் ஜாஸ்தி” என்றார். வார்த்தைகள் குழறின.

திறந்தார். நாக்கின் ஓரம், கன்னத்தின் உட்புறம், ஈறு எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். கழுத்தைத் தொட்டேன். சுட்டது.

“அட்டை எங்க இருக்கு?”

வீட்டுக்குள் போய் எடுத்து வந்து நீட்டினார். ஒவ்வொரு சுற்றிலும் மாத்திரையை எண்ணிப் பார்ப்பது என் வேலை. நான் எண்ணவில்லை. அட்டையைத் தொட்டால் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தும் வயிற்றுப் பிள்ளையை நினைத்துப் பயந்து, “சாப்டீங்களாக்கா?” என்று வாசலிலேயே நின்று கேட்டுவிட்டுப் போவேன். அவரும் “ஆங், சாப்ட்டேன்” என்பார். அது உண்மைதான். அன்று கையில் வாங்கினேன். பத்தில் ஒன்று மீதி.

“போகாத நாள்லாம் சாப்ட்டேன். ஆறு நாளும் விடல. நீ சொன்னியேன்னு மழையில நனைய வுடாம சட்டிக்குள்ள வெச்சிருந்தேன்” என்றார், நான் மெச்சுவேன் என்பதுபோல.

டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் நான்கு கேள்வி கேட்டார். எத்தனை மாத்திரை, எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, சிறுநீர் போகிறதா. பிறகு, “ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க. பஸ் வேணாம். அட்டையையும் கொண்டு வாங்க. அவங்கள பேசிக்கிட்டே இருக்கச் சொல்லுங்க” என்றார். வழி நெடுக தனம்தான் பேசினார். தன்னுடைய கேலி எதற்கும் பதில் வராததால் கடைசியில் அவர் அழத் தொடங்கிவிட்டார். பச்சையம்மா கை நீட்டி அவர் வாயைப் பொத்தினார்.

வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. மருந்தை முறிக்கும் ஊசியை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் போட்டார்கள். தனி அறை. உள்ளே போகிறவர்கள் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும். அவரது கணவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காண்டிராக்ட் வேலை செய்கிறவர். வேலை உடுப்போடு ஓடி வந்தார்.

“எந்த மடச்சி சொன்னது, போகாத நாள்லாம் துன்னுன்னு?”

வராந்தாவில் ஆறேழு பேர் இருந்தார்கள். தனம் தரையைப் பார்த்தார்.

“நான்தாண்ணா” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், தூரப் போய் நின்றுகொண்டார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

டாக்டர் நஸ்ரீன் என்னை ஒரு மேசைக்கு அழைத்துப்போனார். திட்டு விழும் என்று காத்திருந்தேன். “அவங்ககிட்ட என்ன சொன்னீங்களோ, அப்படியே சொல்லுங்க” என்றார். சொன்னேன். சொல்லுக்குச் சொல் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். “அவங்க நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்காங்க. ஒரு நாள்கூடத் தப்பல” என்றார். பிறகு பேனாவை மூடாமல், “இதைக் கூட்டத்துல கேட்டுட்டு நல்ல யோசனைன்னு சொன்னது நான். அதையும் எழுதறேன்” என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். தன் தவறைத் தன் கையால் எழுதி மேலே அனுப்புகிற அதிகாரியை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. பிறகும் கண்டதில்லை.

“இதே மாதிரி வேற யார்கிட்ட சொல்லியிருக்கு?”

மற்ற பணியாளர்கள் மூலம் நான்கு பெண்கள். அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். அட்டையைக் கையில் எடுக்கச் சொல்லி எண்ண வைத்தேன். இருவர் ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். அன்றே வரவழைத்துச் சோதித்தார்கள், தப்பினார்கள். கடைசிப் போன் முடிந்தபோதுதான் காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்று பிள்ளை உள்ளே உதைத்துச் சொன்னது. அதுதான் அவளுடைய முதல் உதை.

சிவப்பு மை அன்றைக்கு வந்ததுதான். கிழமையை நாம் ஒரு தரம் எழுத வேண்டும். சாப்பிடுகிறவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு இன்னொரு தரம். போனில் மணி அடிக்கும், சரி. ஆனால் புயலில் அந்தக் குப்பத்தில் நான்கு நாள் கரண்ட் இல்லை.

ஐந்தாம் நாள் வெள்ளை அணுக்கள் ஏறத் தொடங்கின. நான் கற்றதிலேயே பெரிய அதிசயம் அதுதான். தன் கணுக்களையே தின்ற உடம்பு, ஆறு மாத்திரையில் தரைமட்டமான உடம்பு, கொஞ்சம் இடம் கொடுத்ததும் யாரும் சொல்லாமல் மீண்டும் ரத்தம் ஊற ஆரம்பித்துவிட்டது. பத்தாம் நாள் வாய்ப்புண் ஆறி, பச்சையம்மா மோர்சாதம் சாப்பிட்டார். அப்போதுதான் அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று சொன்னேன்.

“தப்பு என்னுதுக்கா. உங்களுது இல்ல.”

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “தெரியும். ஆனா நீ வாசப்படியிலயே நின்னுகினு கேட்டுட்டு பூடுவ. உள்ள வந்து ஒரு தபா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.” கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “வயித்துப் புள்ளக்காரின்னுதான் நானும் உள்ள கூப்டல” என்றார்.

மன்னித்தார் என்று எழுத ஆசைதான். அப்படி அவர் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து டாக்டர் வேறு மாத்திரை தொடங்கினார். “இது போற நாளா, போகாத நாளா?” என்று பச்சையம்மா என்னைப் பார்த்துக்கொண்டே டாக்டரிடம் கேட்டார். தினமும் என்றார் டாக்டர். “எல்லா நாளும்” என்று அவர் திருப்பிச் சொன்னார். நான் சிவப்பு மையால் இரண்டாவது தரம் எழுதினேன். ‘உள்ளே போய் எண்ணினேன்’ என்று எழுத ஒரு கட்டமும் போட்டேன்.

மகள் பிறந்ததும் முதலில் அவள் விரல்களை எண்ணினேன். சரியாக இருந்தன. ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தேன். நர்ஸ் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்.

அவளுக்கு ஐந்து மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்புவதற்கு முன், ஒரு நாள் காலை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். கடிகாரம் கட்டியிருந்தேன். தண்ணீருக்கு மேல் தலைகள், ஒவ்வொரு வாயிலும் கூடை. எது பச்சையம்மா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. ஒரு தலை கரைப் பக்கம் திரும்பி, அருகே நகர்ந்து வந்து நின்றது. இரண்டு கைகளும் தண்ணீருக்குள் போயின. மணி ஐந்து ஐம்பது, அப்போதுதான் வெளுத்திருந்தது.

ஒரு கை மேலே வந்தது. முதல் இறால். ஐந்து விரலும் மடங்கி, கட்டைவிரல் அவற்றின் மேல் பூட்டுப்போல விழுந்து, கை முழுசாக மூடியிருந்தது. அதற்குள்ளிருந்து இறாலின் மீசை மட்டும் நீட்டிக்கொண்டு துடித்தது. அவர் அதை வாயிலிருந்த பறிக்குள் போட்டுவிட்டு, வெறும் கையை என் பக்கம் காட்டி இன்னொரு தரம் மூடினார்.